டூட்டி மாற்றிக்கொண்ட பெருநாட்கள்

சென்ற வாரம் என் மகள் தரை துடைக்கும் வாளியில் டெட்டாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டாள். வீடு முழுக்க மணம். “ஐயோ, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ வாயில் எச்சில் ஊறியது. டெட்டாலுக்கு எச்சில் ஊறும் ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். என்ன செய்வது, எங்கள் வீட்டு அச்சுமுறுக்கு அந்த மணத்தோடுதான் எண்ணெயில் இறங்கும்.

இது எண்பதுகளில், கோலசிலாங்கூரில். அம்மா ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு தாதி. ஊருக்கே மிஸியம்மா. வேலை முடிந்து வந்ததும் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போவார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையை விட்டு அந்த மணம் போகாது. டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பலகார வேலை இப்படித்தான், டூட்டிக்கும் டூட்டிக்கும் நடுவே, விட்டு விட்டு நடக்கும். மாவைப் பிசைவது ஒரு நாள், சுடுவது இன்னொரு நாள். அதற்குள் பாதி மாவை என் இரண்டு தம்பிகளும் பச்சையாகவே தின்றிருப்பார்கள். நான் மூத்தவள், பொறுப்பானவள் என்று பெயர். அதனால் யாருக்கும் தெரியாமல் தின்பேன்.

அப்பா பஸ் டிரைவர். கிள்ளானிலிருந்து ஜெராம், அசாம் ஜாவா வழியாக வந்து, எங்கள் ஊரைத் தொட்டுப் பாலம் தாண்டி, வடக்கே நெல்வயல் பக்கம் போகும் பஸ். எங்கள் குடும்பம் முழுதாகக் கூடும் இடம் வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தம்தான். அம்மா வேலைக்கு ஏற வேண்டும், அப்பா ஓட்டிக்கொண்டு வர வேண்டும், நாங்கள் மூவரும் ஓடிப்போய் நிற்க வேண்டும். கிள்ளானில் முட்டை மலிவு என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. ஜன்னல் வழியாக முட்டைப் பையை நீட்டுவார். “ஒடச்சிப்புடாதீங்கடா!” என்பார். அம்மா படியில் நின்றபடியே, “பேரீச்சம்பழத்த எறும்பு மொய்க்குது, தண்ணித் தட்டுல வையி” என்று எனக்குக் கட்டளை போடுவார். கண்டக்டர் விசில் அடிப்பார். அவ்வளவுதான், குடும்பம் கலைந்துவிடும்.

பெருநாளில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் ஏது பெருநாள்? லீவு வேண்டுமென்றால் டூட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்புப் பெருநாளன்று காக் ரொக்கியாவுக்காக அம்மா வேலைக்குப் போவார். காக் என்றால் மலாயில் அக்கா. அம்மாவோடு அதே வார்டில் வேலை பார்த்த மலாய்க்காரத் தாதி அவர். பதிலுக்குக் கிறிஸ்மஸுக்குக் காக் ரொக்கியா நிற்பார். அப்பாவுக்கு இதே ஏற்பாடு ஆ ஹோக் என்ற சீன டிரைவரோடு. சீனப் பெருநாளுக்கு அப்பா ஓட்டினால் கிறிஸ்மஸுக்கு அவர் ஓட்டுவார். ஆனால் எங்கள் ராசி, ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குத் தட்டிப்போகும். ஆ ஹோக்குக்குக் காய்ச்சல் வரும், அல்லது வார்டில் ஆள் போதாது. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து கிறிஸ்மஸ் சோறு தின்றதே கிடையாது. எனக்குப் பதின்மூன்று வயதான அந்த வருஷம், புதுச் சட்டைகூட வேண்டாம், இது ஒன்று நடந்தால் போதும் என்று மாதாவிடம் வேண்டியிருந்தேன். (சட்டையும் கிடைத்தது. அது வேறு விஷயம்.)

இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. ஒரே ஒரு சந்தேகம்தான். காக் ரொக்கியா நிறைமாசம்.

“அவளுக்குப் பொங்கலுக்கு அப்புறந்தான்” என்று அம்மா அடித்துச் சொன்னார். “எத்தன பிரசவம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் சாயங்காலம். அம்மா எண்ணெயில் அச்சை முக்கிக்கொண்டிருந்தார். அப்பா பாய் கடையிலிருந்து கோழி வாங்கி வந்திருந்தார். மலாய்க்காரச் சிநேகிதர்கள் தயங்காமல் சாப்பிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் பெருநாள் கோழி எப்போதும் பாய் கடையில்தான். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே கத்தினார்.

“மிஸியம்மா! ரொக்கியாவுக்கு வலி வந்திருச்சி. நாளைக்கு மார்னிங் ஆளு இல்ல, நீங்கதான் வரணுமாம்!”

அம்மா கையில் அச்சோடு அப்படியே நின்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொங்கல் சீக்கிரம் வந்திருச்சி போல” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன். “எல்லாரோட பெருநாளுக்கும் நீங்க போனீங்க. நம்ம பெருநாளுக்கும் நீங்கதான் போகணுமா?”

“அதுக்கு என்ன செய்யச் சொல்ற? வயித்துல இருக்கிற புள்ளகிட்டப் போயி, கிறிஸ்மஸ் முடிஞ்சி வாடான்னு சொல்ல முடியுமா லா?” என்றார் அம்மா. விடிந்ததும் புதுச் சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சீருடையில் கிளம்பினார்.

கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா சோற்றையும் கறியையும் அடுக்குச் சட்டியில் அடைக்கத் தொடங்கினார். “சட்டைய மாத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றார்.

அப்பா பயணியாக பஸ் ஏறியதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பாவம் ஆ ஹோக். அப்பா அவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். “மெதுவா, மெதுவா, குழி இருக்கு!” பாலத்தில் ஏறும்போது ஆ ஹோக் திரும்பிப் பார்த்தார். நம்மவர்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த சீனர், தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். “அண்ணே, வாய மூடிக்கிட்டு வாங்க லா. இன்னிக்கி இது என் பஸ்ஸு.” பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், ஆனால் காலை எடுக்கவில்லை.

வார்டுக்குப் பின்னால் தாதிகள் தேநீர் குடிக்கும் சிறிய அறை. மேசையில் சட்டிகளைப் பரப்பினோம். அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். “ஆம்பளப் புள்ள! நான்தான் கையில வாங்கினேன்” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காக் ரொக்கியாவின் குரல் கேட்டது. “சோரி லா, அக்கா!” அவர் புருஷன் வாசலில் கூச்சத்தோடு நின்றார். அப்பா அவரையும் இழுத்து உட்காரவைத்தார்.

அவரோடு நாங்கள் ஐவரும் உட்கார்ந்தோம். அப்பா ஜெபம் சொன்னார். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தார். மணி அடித்தது, எழுந்து ஓடினார்.

ஒரு வாய்தான். ஆனால் ஐந்து பேரும் ஒன்றாகத் தின்ற ஒரு வாய். நான் வேண்டியது கிடைத்துவிட்டது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அம்மா ஓய்வுபெறும் வரை காக் ரொக்கியா ஒரு கிறிஸ்மஸ் டூட்டியைக்கூட அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. கேட்பதற்கு முன்பே, “அது என்னோடது” என்று சொல்லிவிடுவாராம்.

அப்பாவும் இல்லை, அந்த பஸ்ஸும் ஓடுவதில்லை. அம்மாவுக்கு இப்போது எல்லாப் பெருநாளும் லீவுதான். போன கிறிஸ்மஸுக்குச் சின்னத் தம்பியால் வர முடியவில்லை. ரவாங்கில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. யாருக்கு எந்த நாள் என்று கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிடுமாம். அம்மா போனில் அவனைக் கடிந்துகொண்டார்.

“கூட நிக்கிற பையன்கிட்டக் கேக்க வேண்டியதுதானே? அவன் பெருநாளுக்கு நீ நிக்கிறேன்னு சொல்லு.”

“அவன் என்ன பெருநாள் கொண்டாடுறான்னே தெரியாதும்மா. பேருகூடத் தெரியாது.”

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

“பேரு தெரியாமயாடா பக்கத்துல நிக்கிற?”