அங்கூர் என்று ஓர் ஊர்

சலாலாவில் என் அலுவலக அறையில் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் ஓர் ஓமானி அம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவர். இந்திப் படங்கள் பார்த்துக் கற்ற இந்தியில் என்னை பாய் என்பார். நான் மேடம் என்பேன். சென்ற ஆண்டு மழைத் தூறல் தொடங்கியிருந்த சமயம், கணினியை அணைக்காமலே என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"பாய், உங்க நாட்ல அங்கூர்னு ஒரு ஊர் இருக்கா?"

"அங்கூர்னா இந்தியில திராட்சை, மேடம்."

"அது எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல ஏதோ திராட்சைத் தோட்டம்னுதான் நெனச்சிட்டிருந்தேன். ஊர் இருக்கா, அதச் சொல்லுங்க."

அவருடைய அம்மாவின் பாட்டி அடிமையாக இருந்தவர். இந்தியாவின் ஏதோ ஒரு கரையிலிருந்து சிறுமியாகப் படகில் கொண்டுவந்து மஸ்கட்டில் ஒரு வீட்டுக்கு விற்றிருக்கிறார்கள். வளர்ந்த பிறகு, தண்ணீர் எடுக்கப் போனவர் வீடு திரும்பவில்லை. வெள்ளைக்காரர் அலுவலக முற்றத்தில் இருந்த கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பிடித்தவருக்கு விடுதலை என்பது அன்றைய நடைமுறை. எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை அரபு எழுத்தில் குறித்து விடுதலைச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டு பிறகு ஒரு புயல் மழையில் போய்விட்டது. அதில் வாசித்த ஊர்ப்பெயர் மட்டும் குடும்பத்தில் தங்கியது.

இவ்வளவு காலம் யாரும் தேடாததை இப்போது தேடக் காரணம், அவர் மகளுக்கு வந்திருந்த வரன். பையன் வீட்டார் பெண்ணின் அஸ்ல் என்ன என்று கேட்டுவிட்டார்கள். அஸ்ல் என்றால் வேர், வம்சம். நாம் சொல்லும் அசல் இந்தச் சொல்தான். ஆனால் கல்யாணப் பேச்சில் நம்மவர்கள் "சொந்தமா, அசலா?" என்று கேட்டால் அசல் என்பது வெளியாளைக் குறிக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"ஊர் பேர் காட்டினா, குடும்பத்துல இருந்து திருடிட்டு வந்த பொண்ணுன்னு சொல்லலாம். இல்லைன்னா அடிமை வம்சம்னு சொல்லிடுவாங்க. அதோட கலாஸ், பேச்சு முடிஞ்சுது," என்றார்.

இங்கே வருமுன் நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தியவன் நான். ஊர்ப்பெயரைச் சரிபார்க்காமல் பக்கத்தை அனுப்பியதில்லை. சிந்து, கட்ச், கொங்கணம், மலபார் என்று கரையோரமாக வரைபடத்தில் இறங்கினேன். அங்கூர், அன்கூர், ஆங்கூர் என்று எழுத்தை மாற்றிப் பார்த்தேன். ஒலி ஒத்துவந்த ஊர்கள் கடலை விட்டு வெகுதூரத்தில் இருந்தன. மாலையில் பையை எடுக்கும்போது, "கெடச்சுதா?" என்பார். "இல்ல மேடம்," என்பேன். அவர் விளக்கை அணைப்பார்.

துறைமுகத்தில் டெக்னீஷியனாக இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவரும் நானும் ஒரே ரூம். வெள்ளிக்கிழமை அவருக்கு டியூட்டி இல்லை. நான் வைத்த மீன்குழம்பைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்தார்.

"எங்கூர்ல இத கொழம்புன்னு சொல்ல மாட்டாங்கவே. கை கழுவுத தண்ணின்னு சொல்லுவாங்க."

"ஒங்கூர்ல மொளகாய அரைச்சு அதுல மீனக் குளிப்பாட்டுவீங்க. எங்கூர்ல திங்கறதுக்குச் சமைப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. எங்கூர். அரபு எழுத்தில் எகரம் இல்லை. எங்கூர் என்று கேட்டு எழுதியதை அங்கூர் என்று வாசிக்கலாம்.

"என்னவே, கோவமா?" என்றார் அவர். "சும்மா சொன்னேன். கொழம்பு நல்லாத்தான் இருக்கு."

இது நிரூபணம் ஆகாது. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு செய்தி எழுத எங்கள் செய்தி ஆசிரியர் விட்டிருக்க மாட்டார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மேடத்திடம் சொன்னேன்.

"அது என் மொழியா இருக்கலாம், மேடம். தமிழ்."

"அர்த்தம்?"

"எங்க ஊர்."

"அதான், எந்த ஊர்?"

"அந்தச் சொல்லுக்கே அர்த்தம் அதுதான். எந்த ஊர்னு கேட்டாங்க. எங்க ஊர்னு சொல்லியிருக்காங்க. சின்னப் பிள்ளையில தூக்கிட்டு வந்தது. பேர் தெரிஞ்சிருக்காது."

"அப்ப பேர் இல்ல," என்றார். இல்லை என்றேன்.

அந்த வாரமே பையனின் பெரியப்பா அலுவலகத்துக்கு வந்தார். அரபுக் காபியான கஹ்வா குடித்தார், பேரீச்சம்பழம் சாப்பிட்டார். பிறகு என்னிடம் இந்தியில் கேட்டார்: "நீங்க இந்தியா தானே? அங்கூர்னு ஊர் இருக்கா?"

மேடம் கஹ்வாப் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இருக்கு," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"தெற்கே. கடலோரமா இருக்கும்."

"அங்க இவங்க எந்தக் குடும்பம்?"

"அது எனக்குத் தெரியாது."

தலையாட்டினார். மரியாதையாக விடைபெற்றுப் போனார். சில நாள் கழித்து மேடத்துக்கு போன் வந்தது. அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு, "கலாஸ் பாய். ஊர் இருந்தாப் போதாதாம், வீடு வேணுமாம்," என்று ஒரு ஃபைலை இழுத்துத் திறந்தார். மகளுக்கு யார் சொல்வது என்று நான் கேட்கவில்லை.

மதியத் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்ததும், "அந்தச் சொல்லச் சரியாச் சொல்லுங்க," என்றார்.

"எங்கூர்."

"அங்கூர்."

"அ இல்ல, எ."

"எங்கூர்."

"இப்ப சரி."

"இப்ப நான் சொன்னேனே, அது எந்த ஊர்? சலாலாவா?"

"ஆமா மேடம். யார் சொல்றாங்களோ அவங்க ஊர்."

"அச்சா," என்றார். முத்திரையை எடுத்து அடுத்த தாளில் வைத்து அழுத்தினார். மை காய்ந்திருந்தது. டப்பாவைத் திறந்து மறுபடி தோய்த்தார்.