எங்கள் வார்டின் ஏகக்ரீவம்

எங்கள் அபார்ட்மெண்டில் அரசியல் பேசாதவர் ஒருவரும் கிடையாது. காலை நடைக்குப் போகிறவர்கள் நாட்டைத் திருத்திவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். ஜனங்களுக்குப் புத்தியில்லை, காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள், படித்தவன் ஒதுங்கி நிற்பதால்தான் எல்லாம் நாசமாய்ப் போயிற்று என்று தினமும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர்தான் இதில் முதல் குரல். அவர் பேசுவதைக் கேட்டால் நாளைக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார் என்று தோன்றும். இறங்குவார், பால் பாக்கெட் எடுக்க.

திருப்பதியைத் தாண்டிப் பாகாலா போகிற சாலையில் இருக்கிறது எங்கள் கட்டடம். விலாசத்தில் திருப்பதி என்று போட்டுக்கொள்வோம், ஆனால் இடம் ஒரு கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. செப்டிக் டேங்க் நிறைந்தால் வழிவதற்கு பில்டர் ஒரு குழாய் வைத்துவிட்டுப் போயிருந்தான். அது பின்சுவரைத் துளைத்துக்கொண்டு, பின்னால் இருக்கிற சந்தில் திறக்கும். அந்தச் சந்தில் ஒரு வரிசை வீடுகள். நாங்கள் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அவர்கள் வாசல் வழியாகத்தான் போகும். போகும் என்றுகூடச் சொல்ல முடியாது, நிற்கும். எங்களுக்கு நாற்றம் வராது. பின்பக்க ஜன்னல்களை எல்லாரும் ஏசி போட்டு அடைத்துவிட்டோம்.

சந்தின் முதல் வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். நகரியில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். எங்கள் கட்டடத்துப் பெண்கள் போடுகிற ரவிக்கையெல்லாம் அவள் தைத்ததுதான். வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பாள், காலுக்குக் கீழே செங்கல் அடுக்கி, செங்கலுக்குக் கீழே எங்கள் சாக்கடை. அவளுடைய சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்ட மாதம் கிடையாது. கால் முழுக்கச் சொறி. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டை மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தார்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் பகுதியில் ஒரு தலைவர் உண்டு, எல்லாருக்கும் அவர் அண்ணன். இந்த முறை ஊர் முழுக்க ஏகக்ரீவம் ஆக வேண்டும் என்பது அவருடைய கௌரவப் பிரச்சினை. ஏகக்ரீவம் என்றால், ஒருவரைத் தவிர வேறு யாரும் மனுப் போடாமல், போட்டியே இல்லாமல் ஜெயிப்பது. வெளியே சொல்லும்போது ஊர் ஒற்றுமை என்று சொல்வார்கள். எங்கள் வார்டுக்கு அண்ணனுடைய டிரைவரின் மனைவியை முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கே இந்த விஷயம் கடைசியில்தான் தெரிந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரி தைத்த துணிகளைக் கொடுக்க வந்தாள். நடை முடித்தவர்கள் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேராக அவர்களிடம் போய் நின்றாள்.

"சார், வார்டு மெம்பருக்கு நிக்கலாம்னு இருக்கேன். ஜெயிச்சா இந்த சந்துல மூடி போட்ட கால்வா கட்ட வெப்பேன். வேற இன்னாத்துக்கும் இல்ல. என் பேர முன்மொழிய நம்ம வார்டுல ஓட்டு கீற ஆளு ஒருத்தரு வேணும்."

ரிட்டயரான லெக்சரர் ஒருவர் எங்கள் கட்டடத்தில் உண்டு. புரட்சி என்ற சொல் இல்லாமல் அவரால் பல் தேய்க்க முடியாது. அவர்தான் கேட்டார், "உங்க சந்துலயே நெறைய பேரு இருக்காங்களேம்மா?"

"கேட்டேன் சார். அண்ணன் ஆளுங்க வூடு வூடா வந்து போய்க்கினு இருக்காங்க. ஒருத்தருக்கு பென்ஷன் நின்னுடும்ன்றாங்க, ஒருத்தருக்கு பட்டா வராதுன்றாங்க. எல்லாம் பயந்துக்கினு கீதுங்க. அதுங்கள இன்னா சொல்றது. உங்கள யாரு சார் இன்னா பண்ண முடியும்?"

இந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்களை யாரும் ஒன்றும் பண்ண முடியாது. வீடு சொந்த வீடு. பென்ஷன் தானாக வந்து விழுகிறது. பிள்ளைகள் பெங்களூரில், அமெரிக்காவில். எந்த அண்ணன் வந்தாலும் போனாலும் எங்கள் வீட்டு இட்லி குண்டாவில் ஆவி வரும். இவ்வளவு பாதுகாப்பை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், காலை நடை போனோம்.

லெக்சரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்னோட தார்மீக ஆதரவு முழுசா உண்டும்மா" என்றார். தார்மீக ஆதரவுக்குப் பேனா வேண்டாம் பாருங்கள். மற்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரால் அப்படிப் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் படித்தவன் ஒதுங்கக் கூடாது என்று அப்போதுதான் கால் மணி நேரம் பேசி முடித்திருந்தார். "நான் கையெழுத்து போடறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்த காலைகள் ரொம்பக் குறைவு. அது ஒன்று.

நானே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் ஓட்டு இன்னும் சித்தூரில், அம்மா வீட்டு விலாசத்திலேயே கிடக்கிறது. மாற்றுவதற்கு அலைய சோம்பல், வேறென்ன. நானும் இந்தக் கட்டடத்துக்காரிதானே.

மறுநாளே அவள் மனுவை எடுத்துக்கொண்டு வந்தாள். இவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. கடைசி நாள் தசமி, பேஷா போட்டுடலாம். நல்ல காரியத்த நல்ல நாள்ல ஆரம்பிக்கணும்மா" என்றார். ராகுகாலத்தில் ஷேர் வாங்குகிற மனிதர். அவள் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவமியன்று காலையில் அண்ணனின் ஆள் வந்தான்.

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம், ஏழுமலையான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைப்பு. வரும்போதே, கியூவில் நிற்காமல் கிட்டத்தில் போய்ப் பார்க்கிற பிரேக் தரிசனம் கேட்டுக்கொண்டு வருவார்கள். அதற்குச் சிபாரிசு லெட்டர் வேண்டும், லெட்டருக்கு அண்ணன் வேண்டும். எங்கள் கட்டடத்தில் அண்ணனைத் திட்டாதவரும் இல்லை, அண்ணனிடம் லெட்டர் கேட்டு நிற்காதவரும் இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த என் நாத்தனாருக்காக இவரும் சொல்லி வைத்திருந்தார். பல மாதமாக வராத லெட்டர் அன்றைக்கு வந்தது.

"சார், அன்ன பம்பிஞ்சாரு. ரேப்பு தரிசனம்" என்றான் வந்தவன். அண்ணன் அனுப்பினார், நாளைக்குத் தரிசனம் என்று. மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் முட்டி வலி எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தான். சந்துக்காரர்களை மிரட்ட வேண்டியிருந்தது. நாங்கள் அவர்களுக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை.

அவன் போனதும் நான் கேட்டேன். "ஏங்க, நாளைக்குத்தான மனுவுக்குக் கடைசி நாள்?"

"காலைல தரிசனம். பதினோரு மணிக்கெல்லாம் கீழ இறங்கிடுவேன். ஆபீஸ் மூணு மணி வரைக்கும் இருக்கு."

"அப்ப இப்பவே கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. பின்னாலதான இருக்கா, கூப்பிடறேன்."

"இன்னிக்கு நவமிடி."

"நவமில மலை ஏறலாமா?"

"சாமி காரியத்துக்கு நாள் பாக்கக் கூடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காலண்டரைக் கிழித்து அவர் பையிலேயே வைத்து அனுப்பியிருக்கலாம். நான் வரவில்லை என்று சொன்னேன். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் உனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று நாத்தனார் பரிதாபப்பட்டாள். சாயங்காலம் கார் கிளம்பிற்று.

தசமியன்று காலையிலிருந்து நானும் தையல்காரியும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றோம். அவள் நல்ல புடவை கட்டி, தலைக்குக் குளித்து வந்திருந்தாள். இவர் போன் அணைந்திருந்தது. மலையில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே நியாயமான காரணம் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டபோது மணி அடித்தது. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி ஓய்ந்தது. கடைசியில் நாத்தனார் எடுத்து, "அவன் லட்டு வாங்க கியூல நிக்கறான், போன என்கிட்ட குடுத்துட்டான்" என்றாள்.

லெக்சரரைக் கூப்பிட்டேன். பின்னால் கோவிந்தா கோவிந்தா என்று கேட்டது. அவருக்கும் லெட்டர் வந்திருந்ததாம். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் போனை எடுக்கவில்லை, மீதிப் பேர் அன்றைக்கு மலையில்தான் இருந்தார்கள். புரட்சியும் அவர்களோடு மலையேறிப் போயிருந்தது.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஊர் முழுக்க ஏகக்ரீவம் என்று அண்ணன் ஆட்கள் சரவெடி கொளுத்தினார்கள். தையல்காரி அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. மனுவை மடித்து ரவிக்கைத் துணி வைக்கிற பையில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா போலாம். கொழந்த இஸ்கூல்லேந்து வந்துக்கினு இருக்கும், சாவி என்கிட்ட கீது" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது, வெட்கத்தில்.

இருட்டுவதற்குள் இவர் வந்து சேர்ந்தார். நெற்றியில் நாமம், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மலைக்குப் போய் வந்தால் அக்கம்பக்கத்துக்கு லட்டுக் கொடுப்பது வழக்கம். ஒரு லட்டை என்னிடம் நீட்டி, "அந்த தையல்காரம்மாவுக்குக் குடுத்துட்டு வந்துடு, பாவம்" என்றார். "நீங்களே குடுங்க" என்றேன். என் குரலைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

சந்தில் அன்றைக்குத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. கட்டடத்தில் தரிசனத்துக்கு வந்த விருந்தாளிகள் அதிகம் அல்லவா. இவர் கல்லுக்குக் கல் தாவினார். கடைசிக் கல் ஆடியதில் ஒரு கால் முழுக்க உள்ளே இறங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே லட்டை நீட்டினார். பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே பாயில் சின்னப் பெண் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

"சாமி நல்லா தெரிஞ்சாரா சார்?"

"திவ்யமா. கிட்டத்துல."

"இன்னா வேண்டிக்கினீங்க?"

இவர் கொஞ்சம் தடுமாறினார். "நம்ம வார்டு நல்லா இருக்கணும்னுதாம்மா."

"கேட்டுட்டாரு சார். போட்டியே இல்ல" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது இவர் என்னிடம், "நல்ல மனசுக்காரி. கோவமே படல பாத்தியா" என்றார். உள்ளே நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனார். மலைக்குப் போய் வந்த அன்று கால் கழுவக் கூடாது என்று நாத்தனார் கூடத்திலிருந்து கத்தினாள். சாக்கடையை மிதித்துவிட்டேன், வேறு வழியில்லை என்று இவர் உள்ளிருந்து சொன்னார். சோப்புப் போட்டு, மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அந்தத் தண்ணீர் குழாயில் இறங்கி, பின்சுவரைத் தாண்டி, அவள் வாசலுக்குப் போயிற்று.