ஈரம் இருந்தால் மட்டும்

தமிழரசி மேடம் இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. விராலிமலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் அவருடைய கணவர்தான் பேசினார்.

"தமிழு போயிருச்சு சார். நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் திருவரங்குளத்துல எடுக்குறோம், வந்துருங்க. ஒங்க மேல ரொம்ப மரியாதை வச்சிருந்தா."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு எதிர்க்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வேளாண்மை அலுவலகத்தில் நாங்கள் ஆறு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். பதவியில் நான் அவருக்கு ஒரு படி மேல். படிப்பில் அவர் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தார். பேருந்தில் வரும்போதும் போகும்போதும் அறிவியலின் தத்துவம் பற்றிய புத்தகங்களாகப் படிப்பார். சாப்பாட்டு நேரத்தில் அதையே பேசுவார்.

"எந்த விதிக்கும் ஒரு எல்லை இருக்கு சார். கிணத்துல போட்ட கல்லு விதிப்படி விழும். முந்திரி எலை அப்படியா விழுது? காத்து அத எங்கிட்டோ கொண்டுபோயிரும். சாதாரண நிலைமையில மட்டும் நிக்கிற விதிதான் நம்ம கையில நெறைய இருக்கு."

ஒருநாள் நான் மடக்கினேன். "சாதாரண நிலைமையில நடக்கும்னா, நடக்கும்போது நடக்கும்னுதானே மேடம் அர்த்தம்? அதுல என்ன விதி இருக்கு?" அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மறுநாள் காலை நேராக என் மேசைக்கு வந்தார்.

"நல்ல கேள்வி கேட்டீங்க சார். எது கெட்டா நடக்காதுங்கிறத முன்னாடியே சொல்லிரணும். யார் வேணாலும் போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். அப்பதான் அது விதி. நடக்காமப் போனப்புறம் சொன்னா, அது வெறும் சாக்கு."

நான் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைப் புரட்டினேன்.

அடுத்த ஆண்டு எங்கள் பகுதியில் பலர் முதன்முறையாக, மழையை மட்டும் நம்பி, மானாவாரியில் மக்காச்சோளம் போட்டார்கள். பயிர் புதிது என்பதால் அலுவலகம் சொல்வதை அப்படியே நம்பினார்கள். அவர்களுக்கு ஒரு துண்டறிக்கை எழுதும் வேலை மேடத்திடம் வந்தது. 'விதைத்த இருபத்தைந்தாம் நாள் யூரியா மேலுரம் இட வேண்டும்' என்று எழுதி, கீழே சேர்த்திருந்தார்: 'மண்ணில் ஈரம் இருந்தால் மட்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் மழைக்குக் காத்திருக்கவும்.'

அந்த வரிகளை நான் சிவப்பு மையால் அடித்தேன். "சனங்களுக்குத் தேதி சொன்னாப் போதும் மேடம். இருந்தால், இல்லாவிட்டால்னு இழுத்தா யாரும் படிக்க மாட்டாங்க" என்றேன். "இது இழுக்குறது இல்ல சார், இதுதான் விஷயமே" என்றார். நான் கேட்கவில்லை. அறிக்கை அச்சாகி வந்தது. அடியில் 'தயாரிப்பு: தமிழரசி' என்று அவர் பெயர் மட்டும் இருந்தது.

அந்த ஆண்டு விதைத்த பிறகு மழை ஒரேயடியாக நின்றுபோனது. இருபத்தைந்தாம் நாள் பலர் காய்ந்த மண்ணில் உரத்தைப் போட்டார்கள். பயிர் கருகியது. கருகிய தட்டைகளோடு அவர்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, முன்னால் நின்றவர் கருப்பையா என்ற விவசாயி. மேலதிகாரியும் வந்திருந்தார். நான் எழுந்து, "சாதாரண மழை வருஷத்துல இது சரியாத்தான் வரும். இந்த வருஷம் நிலைமை மாறிப்போச்சு" என்றேன்.

"அத முன்னாடியே இந்தக் காகிதத்துல போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார் கருப்பையா.

எல்லோரும் காகிதத்தின் அடியிலிருந்த பெயரைப் பார்த்தார்கள். பிறகு மேடத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "போட்டிருக்கணுங்க. தப்புதான்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் கைப்பையிலிருந்து அந்த மூலப் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் சார். எங்கிட்ட இருந்தா என்னைக்காவது காட்டத் தோணிரும்."

அவர் போனதும் அதைக் கிழித்துப் போட்டேன்.

மேடம் அந்த மாதம் முழுக்கத் தன் ஸ்கூட்டியில் வயல் வயலாகப் போனார். கண்மாய்க்கரையை ஒட்டிய தாழ்வான வயல்களில், ஊற்று ஈரம் இருந்த இடத்தில், அதே நாளில் உரம் போட்டும் பயிர் கருகவில்லை என்று குறித்துவந்து என்னிடம் காட்டினார். குத்திக்காட்டுவதற்காக அல்ல. உண்மையிலேயே அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிறகு மேலிடத்திலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டார்கள், அவருக்கு மாறுதல் வந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், "நல்லா இருக்கீங்களா சார்?" என்று அவர்தான் முதலில் கேட்பார். ஒவ்வொரு முறையும் அங்கிருப்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

திருவரங்குளத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினேன். அங்கும் அதைச் சொல்லவில்லை. பேசி முடித்து நகர்ந்தபோது கருப்பையா பக்கத்தில் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"நல்லாப் பேசுனீங்க சார். தங்கமான அம்மா. அந்த மக்காச்சோள நோட்டீஸ்ல மட்டும் கொஞ்சம் அசந்துட்டாங்க."

"அவங்க அசரல. ஈரம் பாத்துப் போடணும்னு எழுதியிருந்தாங்க. அடிச்சுவிட்டது நான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இத அவங்க இருக்கையில சொல்லிருக்கலாமே சார்."

கருப்பையா பந்தலின் ஓரத்தைக் காட்டினார். "நம்ம ஊர்க்காரங்க அங்கிட்டு நிக்கிறாங்க. அவங்களும் இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. வாங்க, சொல்லிருங்க."

போய்ச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோருமாக உள்ளே போய், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்று, இன்னொரு முறை கும்பிட்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

தமிழரசி மேடம், உங்கள் பெயரில் இருந்த பழி நீங்கிவிட்டது. நீங்கள் அறியாமல் போனதற்கு நானே பொறுப்பு. போய் வாருங்கள்.