சட்டையைப் பிடிக்கிற தூரம்

என் அண்ணன் என் வீட்டுக்காரரை முதன்முதலில் கை நீட்டி அடித்தது ஒரு வெப்சைட்டுக்காக. வரப்பு, வாய்க்கால் மடை, பாகப்பிரிவினை என்று எங்கள் ஆற்றங்கரைப் பக்கம் மண்டை உடைவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. இந்தக் காரணத்துக்கு உடைந்தது எங்கள் வீட்டில்தான் முதலாவதாக இருக்கும்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். பேட்டையில் எங்களுக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. பலகாரக் கடைகளுக்குச் சேவும் முறுக்கும் பிழிகிற மெஷின் செய்து விற்றோம். லேத்து வேலை அண்ணனுக்கு. பற்றவைப்பதும் பொருத்துவதும் வீட்டுக்காரருக்கு. ஃபோன், பில், கடிதம் எல்லாம் என் தலையில். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பொட்டலம் கட்டி வந்த இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக்கூட்டி, வந்த கடிதத்தைப் பார்த்தே பதில் எழுதி, எப்படியோ அந்தப் பாஷையை மடக்கி வைத்திருந்தேன்.

அண்ணன்தான் தகப்பன் இல்லாத என்னைக் கட்டிக்கொடுத்தார். அண்ணனும் வீட்டுக்காரரும் முன்கோபத்தில் சரிக்குச் சரி. ஷெட்டில் வேலை பார்த்தவர்கள், “அக்கா ஊருக்குப் போனா நாங்களும் லீவு. ஷெட்டுக்குக் கூர இருக்காது” என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. அண்ணனும் வீட்டுக்காரரும் பிரிந்தால் ஏதாவது ஒரு வாசல்படியை நான் மறக்க வேண்டியிருக்கும். எந்தப் படி என்று என்னால் சொல்லவே முடியாது.

துபாயில் பலகாரக் கடை வைத்திருந்த ஒரு கடையநல்லூர்க்காரர் ஃபோன் செய்தார்.

“தங்கச்சி, ஒங்க மெஷினக் கம்ப்யூட்டர்ல பாக்க முடியுமா? நீங்க அனுப்பின ஃபேக்ஸ்ல மெஷினா ஆட்டுக்கல்லான்னு தெரியல. இங்கன எல்லாரும் வெப்சைட்டப் பாத்துதான் வாங்குதாங்க.”

அதற்கென்ன, போட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விசாரித்தேன். கடை போட இடம் வேண்டும் என்பது போல வெப்சைட்டுக்கும் ஓர் இடம் வேண்டுமாம். அந்த இடத்தை வாடகைக்குக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்களாம்.

வீட்டுக்காரர் பிடித்த ஆள் சென்னைக் கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவன். எங்கள் பெயரிலேயே தனி முகவரி வாங்கித் தருவதாகச் சொன்னான். அண்ணன் பிடித்த ஆள் மதினி வழியில் சொந்தம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினான். அவனுடைய முகவரிக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, அதற்குப் பின்னால் எங்கள் பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னான்.

“அவன் வீட்டு நடையில போயி நாம கட போடணுமாக்கும்?” என்றார் வீட்டுக்காரர்.

“மாப்ள, சென்னைக்காரன் நாளைக்கு ஓடிட்டாம்னா எவன் சட்டையப் பிடிப்பீரு வே? இவம்னா ஆத்துப் பாலத்தத் தாண்டினா போதும். சட்டையப் பிடிக்கிற தூரத்துல இருக்கான்.”

எங்கள் ஆட்கள் எதை வாங்கினாலும் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். மோட்டார் வாங்கினாலும் சரி, மருமகனை எடுத்தாலும் சரி, தப்பு நடந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பொருள் நல்லதா என்பது அதற்கு அப்புறம்.

“சட்டையப் பிடிக்கதுக்கா வெப்சைட்டுப் போடுதோம்? மச்சான், ஒம்ம மூளையும் ஒம்ம லேத்து மாதிரி ஒரே பக்கமாத்தான் சுத்தும்.”

அறை விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு, வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த வேலையாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். வீட்டுக்காரர் உதட்டிலிருந்து ரத்தம் மோவாய்க்கு இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கீழே கிடந்த சைக்கிள் செயினை எடுத்துக் கையில் சுற்றினார். நான் நடுவில் ஓடினேன். செயின் என் தோளை உரசிக்கொண்டு போய் அண்ணன் முதுகில் விழுந்தது. சட்டையோடு தோல் கிழிந்தது. வேலையாட்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இழுத்துக்கொண்டு போகும்போதும் அண்ணன், “பேதில போவான், செயினா எடுக்க?” என்று கத்திக்கொண்டே போனார். எங்கள் ஊரில் கோபம் வந்தால் காலராவைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

அப்புறம் ஊர் வழக்கப்படி அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் சென்னை, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பாளையங்கோட்டை. இரண்டையும் இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டார் பூசாரி. “என்ன காரியம்மா? கல்யாணமா?” என்று கேட்டார். “இடம் பாக்கோம் சாமி” என்றேன். அது பொய் இல்லையே.

இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் என்று என்னையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வெள்ளை வந்தது.

“தங்கச்சி கை அண்ணனுக்குத்தான போகும்” என்றார் வீட்டுக்காரர். அம்மன் சன்னிதி என்பதால் பைய, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். உதட்டு வீக்கம் இன்னும் வற்றவில்லை. அந்தச் சொல் எனக்குச் செயினைவிட ஆழமாக இறங்கியது.

பாளையங்கோட்டைக்காரன் மெஷின் படங்களை ஏற்றினான். கம்ப்யூட்டரில் எங்கள் மெஷின் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கி வந்ததைப் பார்த்து அண்ணன், “சேவு மாதிரியேல்லா விழுது!” என்று துள்ளினார். வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கடையநல்லூர்க்காரருக்கு முகவரியைச் சொன்னேன். சாமானைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பதாகச் சொன்னார்.

சில நாளில் அவரிடமிருந்து ஃபோன்.

“என்ன தங்கச்சி, என்னைய கேலி பண்ணுதீங்களா? பார்ட்னரக் கூப்பிட்டு ஒக்காத்தி வச்சுத் தொறந்தா வெறும் வெள்ளையா இருக்கு. ‘கணக்கு முடக்கப்பட்டது’ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி. இவங்கட்டயா மெஷின் வாங்கப் போறன்னு அந்த ஆளு எந்திரிச்சிப் போயிட்டாரு.”

ஃபோனை வைப்பதற்குள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார்கள். தங்களுக்குள் இருந்த பகையை நினைக்காமல் ஒரே வண்டியில் ஏறினார்கள். நான் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். கம்ப்யூட்டர் பேச்சு இவர்களுக்குப் புரியாது, கைப்பேச்சுதான் புரியும் என்று எனக்குத் தெரியும்.

நான் போய் நிற்கும்போது கிளாஸில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் செருப்பைக்கூட எடுக்காமல் மாடிப்படியில் இறங்கி ஓடி வந்தன. மேலே, அண்ணன் அவன் சட்டையைப் பிடித்திருந்தார். ஆசைப்பட்டபடியே பிடித்திருந்தார். பொத்தான் எல்லாம் தெறித்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க மெஷின் எதுக்குள்ள இருக்கு லே? இதுலயா? எடு வெளிய!”

“இதுல இல்ல அண்ணாச்சி...”

“அப்ப இதுலயா?” ஒரு மானிட்டரைத் தூக்கித் தரையில் போட்டார். வெடி வெடித்த மாதிரி சத்தம். கண்ணாடித் தூள் என் கால் வரைக்கும் வந்தது.

“ஐயோ, அமெரிக்கால இருக்கு அண்ணாச்சி! இங்கன ஒன்னும் கெடையாது!”

அண்ணன் பிடியை விட்டார். “அமெரிக்காலயா?”

“அங்கனதான் நானே வாடகைக்கு இடம் எடுத்திருக்கேன். கொஞ்சூண்டு இடம். அதுல ஒங்கள, ஜவுளிக்கடைய, லாட்ஜ எல்லாத்தையும் சேத்துப் போட்டேன். அளவு தாண்டிட்டுன்னு அவன் பூட்டிட்டான்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓர் ஆளுக்கு எடுத்த அறையில் ஊரையே படுக்க வைத்திருக்கிறான். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். படம் எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எத்தனை பேர் கூட இருக்கிறார்கள், அளவு தாண்டினால் என்ன செய்வார்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆள் எங்கே இருக்கிறான் என்பதை மட்டும்தான் பார்த்தோம்.

படி இறங்கித் தெருவுக்கு வந்தோம். வீட்டுக்காரர் கையில் ஒரு கீபோர்டு இருந்தது. எதற்காக எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

“ஒம்ம ஆளு சட்டையப் பிடிச்சாச்சுல்லா வே? திருப்திதான?”

“பூக்கட்டிப் பாத்துதான வே...”

“பூ! ஒம்ம தங்கச்சி எடுத்த பூ!”

கீபோர்டின் முனை அண்ணனின் புருவத்துக்கு மேலே இறங்கியது. அந்தக் காலத்துக் கீபோர்டு செங்கல் கனம் இருக்கும். புருவம் வாய் திறந்த மாதிரி பிளந்துகொண்டது. எழுத்துக் கட்டைகள் ரோடு முழுக்கச் சிதறின. அண்ணன் கண்ணுக்குள் ரத்தம் போக, பார்வை தெரியாமலேயே வீட்டுக்காரரைத் தூக்கிச் சாக்கடை ஓரத்துக் கல்லில் அடித்தார். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விறகு ஒடிகிற சத்தம் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, பச்சைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஈரமாக இருந்தது. விழுந்தவரை அண்ணன் மிதித்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவன், “பங்காளியளா?” என்று கேட்டான். “மச்சான் மாப்ள” என்றேன். “அதான” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

வழியில் வந்த ஆட்டோ ஒன்றை மறித்து இரண்டு பேரையும் அதில் ஏற்றினேன். நடுவில் நான். ஒருவர் ரத்தம் இந்தத் தோளில், இன்னொருவர் ரத்தம் அந்தத் தோளில். மூச்சு விட முடியாத வீட்டுக்காரர் எனக்கு முன்னால் கையை நீட்டி அண்ணன் முகத்தைத் தேடினார். அண்ணன் அந்த விரலைப் பிடித்து மடக்கினார்.

“அக்கா, அவங்க பைய சாகட்டும், வண்டியக் கவுத்துராதீங்க” என்றார் ஆட்டோக்காரர்.

நான் இரண்டு பேரையும் அறைந்தேன். வலது கையால் ஒருவரை, இடது கையால் இன்னொருவரை. கட்டிய புருஷனையும் கூடப் பிறந்தவரையும் அதற்கு முன்னால் நான் தொட்டு அதட்டியதுகூடக் கிடையாது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி முன்னால் பார்த்து உட்கார்ந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் நர்சம்மா, “எதால அடி?” என்று கேட்டார். “கீபோர்டு” என்றேன். “பாட்டுக் கச்சேரில சண்டையாம்மா?” என்றார். தையல் போடும்போது அண்ணன் சொன்னார்: “இனிமே அந்த ஷெட்டுல நான் இருக்கணும், இல்ல அவன் இருக்கணும். யார்னு நீயே சொல்லு.” அடுத்த கட்டிலில் நெஞ்சில் கட்டோடு படுத்திருந்த வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். எந்தப் படியை மறப்பது என்ற கேள்வி என் மடியிலேயே வந்து விழுந்தது.

நான் எழுந்து வெளியே வந்தேன். ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். இடம் கொடுக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே கடிதத்தை எழுதினேன். வெப்சைட்டை வைத்திருக்கிற உங்கள் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? அளவு தாண்டினால் சொல்லிவிட்டு நிறுத்துவீர்களா, சொல்லாமலா? முகவரி யார் பெயரில் இருக்கும்? நாங்கள் வேறு இடம் போனால் அந்தப் பெயரைக் கையோடு கொண்டு போகலாமா? பெரிய கம்பெனிகள் வண்ண வண்ணமாக விளம்பரம் அனுப்பின. பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் அமெரிக்காவில்தான், எங்களுடையது இல்லை, வாடகைக்கு எடுத்துத் தருகிறோம், மாதத்தில் ஓரிரு முறை நின்றுபோகும் என்று குறையையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அங்கேயே எடுத்தேன்.

முகவரி யார் பெயரில் என்று கேட்ட இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரித்த பிறகுதான் இது தெரியவந்தது. “அத என் பேருக்கு மாத்து, நான் தனியா ஷெட்டுப் போடுதேன்” என்றார். அண்ணன் தையல் தழும்போடு வந்து, “என் பேருக்கு எழுதிக் குடுட்டி” என்றார். கடையநல்லூர்க்காரர் புது முகவரியில் படத்தைப் பார்த்துவிட்டு ஆர்டரை அனுப்பியிருந்தார். அதுவும் அங்கேதான், என் பெயருக்குத்தான் வந்திருந்தது.

“தர மாட்டேன். வேணும்னா என்னையும் அடிங்க” என்றேன். “ஆர்டர் இந்த ஷெட்டுக்கு வந்திருக்கு. பிரிஞ்சு போறவங்க வெறுங்கையோட போங்க.”

இரண்டு பேரும் போகவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை. “ஒங்க அண்ணன்ட்ட அந்த ராடக் கேளு”, “ஒம் புருசன்ட்ட சொல்லு, அளவு தப்பு” என்று என் வழியாகவே மெஷின் வளர்ந்தது. அனுப்ப வேண்டிய நேரத்தில் உள்ளே பல்சக்கரம் நழுவாமல் அடித்திருந்த இரும்பு முளை கோணலாக இறுகிவிட்டது. ஒருவர் உளியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். வேலையாள் ஒருவன் முன்னால் வந்தான். வீட்டுக்காரர் அவனைத் தள்ளிவிட்டு, தானே குனிந்து உளியை முளை மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்தார். அண்ணன் சம்மட்டியை எடுத்தார்.

ஷெட்டில் லேத்தை யாரோ நிறுத்தினார்கள். அண்ணனின் புருவத் தழும்பு சிவந்து தெரிந்தது. சம்மட்டி தலைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. அதன் நேர் கீழே வீட்டுக்காரரின் இரண்டு கைகள்.

வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அடியும் வே.”

அண்ணன் அடித்தார். உளியின் தலையில் பொறி பறந்தது. கை இருந்த இடத்திலேயே இருந்தது.

“இன்னும் ஒன்னு” என்றார் வீட்டுக்காரர்.