திருத்தி எழுதிய ஜாதகம்

எழுபதுகளின் கடைசியில் நானும் ஒரு கிறிஸ்தவ டீச்சரும் திருவண்ணாமலையில் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினோம். மத்தியானம் சாப்பிட்டதும் அவர் வேதப் புத்தகத்தை எடுப்பார். பக்கங்களுக்கு நடுவே தையல் நூல்கள் கிடக்கும். மேசியா வருவார் என்று யூதத் தீர்க்கதரிசிகள் சொன்ன இடத்தில் ஒரு நூல். அது இயேசுவில் நிறைவேறியதாக அவர் நம்பிய இடத்தில் அதே நிறத்தில் இன்னொன்று. பெத்லகேமுக்குப் பச்சை. சிலுவைப் பாடுகளுக்குக் கறுப்பு.

எனக்கோ முன்கூட்டிச் சொல்வது என்றாலே பற்றிக்கொண்டு வரும். செவ்வாய் தோஷம் என்று மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. அப்போதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து நல்ல இடம் வந்தது. அப்பா ஜோசியரைப் பிடித்து, நான் பிறந்த நேரத்தையே மாற்றி, தோஷமில்லாத புது ஜாதகம் எழுதி வாங்கி வந்துவிட்டார். ஊரில் நடக்காத காரியமில்லை. தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இரண்டு நாளாக அது என் கைப்பையிலேயே இருந்தது.

ஜாதகத்தை மாற்றியதைச் சொல்லி, அந்த எரிச்சலை டீச்சரிடம் காட்டினேன். "உங்க ஆளுங்களும் இதத்தான் டீச்சர் பண்ணியிருப்பாங்க. நடந்ததுக்குத் தோதா பொருத்திக்கிட்டாங்க."

அவர் கோபப்படவில்லை. கறுப்பு நூல் கிடந்த பக்கத்தைத் திறந்தார். "ராஜா வருவார்னுதான் காத்துக்கிட்டு இருந்தாங்க. வந்தவரு அடிபட்டு, அவமானப்பட்டு செத்தாரு. பொய்யா பொருத்தணும்னா இப்படியா பொருத்துவாங்க? அதுக்கப்புறம்தான், எல்லாரும் ஒதுக்கின ஒருத்தரப் பத்தி முன்னாடியே எழுதியிருக்குதேன்னு திரும்பிப் பாத்தாங்க."

யூதர்கள் அந்தப் பக்கத்தை வேறு விதமாகப் படிப்பார்கள் என்பதையும் அவரே சொன்னார். நான் நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் ஒதுக்கப்பட்டதை மறைக்காமல், அவர்தான் எங்கள் ராஜா என்று சொல்லும் துணிச்சல் இருக்கிறதே, அதை வியந்தேன். இன்றும் வியக்கிறேன். என் கைப்பையை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் ஜாதகத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீ பொறந்தப்போ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு மணி பாத்தவன் நான்தாம்மா. அத மாத்தச் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசுச்சு" என்றார்.

உண்மையான ஜாதகமே போனது. பத்து நாளில் பதில் வந்தது, வேண்டாம் என்று. மறுநாள் டீச்சரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். வசனம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்கள வேணாம்னு சொல்றதுக்கு அவங்க யாரு டீச்சர்?" என்று கத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர்.