சல்லடையில் அடைத்த சிவப்புப் பசை

பெரியபாளையத்தைச் சுற்றி எந்த ஊரில் டிராக்டர் மக்கர் செய்தாலும் குப்புராஜுக்குத்தான் போன் வரும். அதிலும் எல்லம்மாவின் பழைய டிராக்டரை அவன் தன் சொந்த வண்டி மாதிரியே நினைத்திருந்தான். அதன் இன்ஜினில் இதுவரை வேறு யாரும் கை வைத்ததில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லம்மாவின் களத்தில் அதே வண்டிக்கு அடியில் இம்மானுவேல் மல்லாந்து கிடப்பதைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது. இம்மானுவேல் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை பார்ப்பவன்; இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன்.

"இன்னாக்கா, என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீதான் பேரிங் போச்சு, இன்ஜினையே பிரிக்கணும்னுட்டியே குப்பு. நடவுக்கு சேறு ஓட்டணும், எங்க போறது? அவரு சும்மா பாக்கறேன்னாரு."

அவரு! தன்னை ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

போகவும் மனமில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றான் குப்புராஜ். இன்ஜின் சூடேறினால் ஆயில் பிரஷர் காட்டும் முள் அடியில் படுத்துவிடுகிறது. தேய்ந்த பேரிங்தான், வேறென்ன? அந்த ஆள் தோற்பதைப் பார்த்துவிட்டே போகலாம்.

ஆயிலின் அளவு சரியாக இருந்தது. இம்மானுவேல் பழைய மீட்டரை நம்பாமல் வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தான். அதுவும் குறைவாகவே காட்டியது.

"நான் சொன்னேன்ல!" என்றான் குப்புராஜ், கொஞ்சம் சத்தமாகவே.

"பேரிங்காவும் இருக்கலாம்ணா. அதுக்கு முன்னாடி சேம்பரை எறக்கிப் பாத்துடலாம்."

ஆயிலை வடித்து, இன்ஜினின் அடிச்சேம்பரைக் கழற்றுவதற்குள் மதியமாகிவிட்டது. ஆயில் பம்பு உறிஞ்சும் வாயிலிருந்த சல்லடையை எடுத்து இம்மானுவேல் வெயிலில் பிடித்தான். பாதிக்கு மேல் சிவப்புப் பசை அடைத்திருந்தது. போன அறுவடையின்போது சேம்பர் ஒழுகியதற்கு, குப்புராஜ் தன் கையாலேயே ட்யூபைப் பிதுக்கிப் பிதுக்கி அப்பிய பசை.

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. இதோ சொல்லப்போகிறான் என்று நின்றான்.

"இன்னாங்க அது?" எல்லம்மா குனிந்து பார்த்தாள்.

"பழைய வண்டி இல்லக்கா, அழுக்கு சேந்துகினு இருக்கு." இம்மானுவேல் சல்லடையை டீசலில் முக்கினான். குப்புராஜ் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் வண்டி ஓடியது. சூடேறியும் முள் நிமிர்ந்தே நின்றது. எல்லம்மா இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். குப்புராஜ் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். காட்டிக்கொடுத்திருந்தாலாவது சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். வேலையும் தெரிகிறது, நல்ல மனசும் இருக்கிறது. இதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

மறுவாரம் எல்லம்மாவின் போன் வந்தது.

"குப்பு, கிளட்சு பிடிக்க மாட்டேங்குது. அவருக்கு ஷிப்டாம். நீ வர்றியா?"

ஷிப்டு இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டிருப்பியா என்று கேட்க வாய்வரை வந்தது. ஸ்பானர் பையை பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த இம்மானுவேல் கையைத் தூக்கினான். குப்புராஜ் பார்க்காதவன் போலத் தாண்டிப் போனான். கொஞ்ச தூரம் போனபின், திரும்பாமலே ஒருமுறை ஹாரன் அடித்தான்.