அவர் கையில் என் நம்பர்

பச்சை குத்துறதுன்னாலே எனக்கு ஆகாது. கல்யாணமான புதுசுல, புருஷன் பேரைக் கையில குத்திக்கன்னு மாமியார் ஒத்தக்கால்ல நின்னாங்க. அப்பெல்லாம் எங்க பக்கம் பொம்பளைக புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டாங்க. யாராவது கேட்டா கையை நீட்டிக் காட்டுவாங்க. எங்கம்மா ரேஷன் கடையில அப்படித்தான் காட்டும். செத்தா நகை நட்டையெல்லாம் கழட்டிருவாங்க, பச்சை மட்டும்தான் கூட வரும்னு மாமியார் வேற பயங்காட்டுனாங்க. "எனக்கு வாய் இருக்கு, பேரைச் சொல்லிக்கிறேன்"னுட்டேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார்.

அந்த நானே அவரைக் கூட்டிக்கிட்டு கே.கே. நகர்ல ஒரு டாட்டூ கடைப் படியேறுனேன்.

அவர் அரசு பஸ்ல கண்டக்டரா இருந்தவர். ரிட்டயர் ஆன ரெண்டாம் வருஷமே மறதி வந்துருச்சு. செல்லூர் வீட்டை விட்டு நைசாக் கிளம்பி, வர்ற பஸ்ல ஏறிருவார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டின்னு எங்கிட்டாவது போயிருவார். பழைய ஆளுக இருந்தவரைக்கும் "அண்ணே, வாங்க"ன்னு உட்கார வச்சு எனக்குப் போன் போட்டாங்க. புதுசா வந்தவங்களுக்கு இவர் யாருன்னு எப்படித் தெரியும்? சட்டைப் பையில நம்பர் எழுதின சீட்டை வச்சா, டிக்கெட்டுன்னு நினைச்சு யாருக்காவது கிழிச்சுக் குடுத்துட்டு வந்துருவார். கழுத்துல அட்டை மாட்டுனா கழட்டி எறிஞ்சார். போனைக் குடுத்தா வீட்லயே வச்சுட்டுப் போயிருவார்.

கடைசியாப் போனப்ப மூணு நாள் ஆளைக் காணோம். மேலூருக்கு அங்கிட்டு ஒரு கண்மாய்க்கரையில செருப்புகூட இல்லாமக் கிடந்தார். அந்த மூணு நாள்ல நான் செத்துப் பொழச்சேன். இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அவரும் தாங்க மாட்டார், நானும் தாங்க மாட்டேன்.

டாட்டூக்காரர் தாடி வச்ச மனுஷன், நல்ல மாதிரி. போனைத் தள்ளித் தள்ளி சிங்கம், சூலம், இறகுன்னு காட்டினார். "அய்யாவுக்கு வேல் போட்டா அம்சமா இருக்கும்மா."

"வேலைப் பார்த்துட்டு எவன் தம்பி எனக்குப் போன் போடுவான்? என் நம்பரைப் போடுங்க. கண்ணாடி இல்லாதவனுக்கும் தெரியணும், அம்புட்டுப் பெருசா."

"எந்தப் பக்கம் பார்த்துப் போடட்டும்? எதிர்ல நிக்கிறவங்க படிக்கிற மாதிரிதான் போடுவோம்."

அப்படியே போடுங்கன்னு சொல்லியிருக்கணும். அதுதானே புத்தி? ஆனா எனக்கொரு நப்பாசை. தினம் குனிஞ்சு பார்த்தா, அது மூலமாவாவது நான் அவர் மனசுல நிப்பேன்னு நினைச்சுட்டேன். "அவர் படிக்கிற மாதிரி போடுங்க"ன்னேன்.

ஊசி பட்டதும் அவர் என்னைய நிமிர்ந்து பார்த்தார். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"னு கேட்டார். கட்டின பொண்டாட்டியைப் பார்த்து, யாரோ போலீஸ்காரியைக் கேக்குற மாதிரி கேட்டார். தம்பி மிஷினை நிறுத்திட்டார். ஆறு எண்தான் முடிஞ்சிருந்துச்சு. "அய்யா பயப்படுறார், விட்டுருவோமா?"ன்னார்.

"ஆறை வச்சு எந்த எடுபட்டவன் எனக்குப் போன் போடுவான்? போடுங்க!"ன்னு கத்துனேன். மிச்சம் நாலுக்கும் அவர் கையை நான்தான் அமுக்கிப் பிடிச்சேன். ஒரு நாள் என்னைய கை நீட்டி அடிச்சதில்ல அந்த மனுஷன். பாவி, நான் பிடிச்சேன்.

புண் ஆறின அடுத்த மாசமே உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார். விழுந்தடிச்சு ஓடினேன். திரும்பி வர்றப்ப பஸ்ல, பரவால்ல, ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன். அந்த நினைப்பு ரொம்ப நாள் நிக்கல. தல்லாகுளத்து டாக்டர், இனிமே இறங்குமுகம்தான்மா, ஏறாதுன்னு உடைச்சே சொல்லிட்டார். அதுக்கப்புறம் அவரை வெளிய விட எனக்குத் தைரியமில்ல. வாசக்கதவைப் பூட்ட ஆரம்பிச்சேன்.

போன வாரம் மத்தியானம் குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு, என் போன் அடிச்சுச்சு. பார்த்தா அவர் நம்பர். உள் ரூம்ல கிடக்கிற அவரோட பழைய பட்டன் போன்ல இருந்து. எடுத்தேன்.

"ஹலோ, யாருங்க? என் கையில இந்த நம்பர் எழுதியிருக்கு. நீங்க நமக்கு வேண்டப்பட்டவங்கதானே?"

செவுத்துக்கு அந்தப் பக்கமும் அதே குரல் கேக்குது. "ஆமாங்க"ன்னேன்.

"இங்க ஒரு பொம்பளை என்னையப் பூட்டி வச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரி தேடிக்கிட்டு இருப்பா. எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போங்க."

"வாரேங்க. அங்கனயே இருங்க."

"சத்தம் போடாம வாங்க"ன்னார். "அந்தப் பொம்பளை அடுப்படியிலதான் இருக்கா."